நான் கொடுக்காத ஸ்க்ரூ

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் நேவிகேஷன் வந்த பிறகு ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருடைய கழுத்தும் திரைப் பக்கமே திரும்பிவிட்டது. மேஜையில் ஒரு மனிதர் கவிழ்ந்து கிடக்கிறார் என்பதே மறந்துபோகும். இருபது வருடமாகத் தியேட்டர் நர்ஸாக இருக்கிற எனக்கு அது பிடிக்கவேயில்லை.

அன்று கவிழ்ந்து கிடந்தவர் சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. மயக்க ஊசிக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், காலு வெளங்காம போயிராதுல்லா? நான் மறுபடி கடல்ல எறங்கணும்" என்றார். "போகாது அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

நொறுங்கிய எலும்பை ஸ்க்ரூ போட்டுத்தான் நிறுத்துவார்கள். அதற்கு முன்னால் முதுகெலும்பில் ஒரு சட்டத்தைக் கவ்வவைப்பார்கள். அதிலுள்ள உருண்டைகளைக் கேமரா பார்த்துத்தான், கருவி எலும்பில் எங்கே நிற்கிறது என்று திரை காட்டும். சட்டம் அசைந்தால் போச்சு. திரை அதே அழகோடு தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அன்று திரையைப் பார்க்க எட்டிய சின்ன டாக்டரின் முழங்கை அந்தச் சட்டத்தில் இடித்தது. நான் பார்த்தேன். அவருக்கும் தெரியும். வாயில் என்ன கொழுக்கட்டையா?

"ஸ்க்ரூ" என்று பெரிய டாக்டர் கை நீட்டினார்.

"சட்டம் இடிபட்டுட்டு டாக்டர். எலும்பைத் தொட்டுப் பாத்துருங்க."

"ஸ்கிரீன்ல எல்லாம் சரியா இருக்கு. குடுங்க சிஸ்டர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூவைத் தட்டிலேயே விட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். "தொட்டுப் பாக்காம தர மாட்டேன்."

மாஸ்க்குக்கு மேலே அவர் கண் சிவந்தது. கூர்நுனி பாயின்டரைப் பிடுங்கி எலும்பில் ஊன்றினார். நுனி எலும்பில்தான் இருந்தது. திரையிலோ எலும்பை விட்டு அரை விரல் தள்ளி நின்றது. அந்தத் திரையை நம்பிப் போயிருந்தால் ஸ்க்ரூ கால் நரம்பில் இறங்கியிருக்கும். சட்டத்தை மறுபடி மாட்டி, மறுபடி ஸ்கேன் எடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் கூடுதலானது.

மறுநாள் வார்டுக்குப் போனேன். அண்ணாச்சி கால் பெருவிரலை ஆட்டிக் காட்டினார். "கம்ப்யூட்டர் புண்ணியம் சிஸ்டர். நடுவுல ஏதோ விலகிட்டாம். அதுவே கண்டுபிடிச்சு நிப்பாட்டிட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு."

அந்தப் பெரிய டாக்டர் பக்கத்துக் கட்டிலருகில்தான் நின்றிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்ன தைரியம்!

"அது ஒண்ணும் கண்டுபிடிக்கல அண்ணாச்சி. தப்பான எடத்தத்தான் காட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் ஸ்க்ரூவக் குடுக்கல" என்றேன், வார்டே கேட்கும்படி. டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

அடுத்த ஆபரேஷனில் திரையைப் பார்த்தபடியே "ஸ்க்ரூ" என்று கை நீட்டினார். நான் அந்தக் கையில் பாயின்டரை வைத்தேன்.