யார் வூட்டுப் பூனை?

மகள் சென்னையில் வளர்க்க முடியாமல் கள்ளக்குறிச்சியில் என்னிடம் விட்டுப்போன சீமைப் பூனை அது. முடி குட்டை, பாசம் ஜாஸ்தி. தெருவில் யார் போனாலும் ஓடிப்போய்க் காலில் உரசும்.

அன்று எதிர்வீட்டார் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். நைனார்பாளையத்திலிருந்து வந்திருந்த பையனின் பெரியப்பா தாம்பூலத் தட்டோடு படியிறங்க, பூனை துள்ளிக்கொண்டு குறுக்கே ஓடியது.

"இன்னாம்மா, யார் வூட்டுப் பூனை இது? நல்ல காரியத்துக்குப் போய்க்கினு இருக்கும்போது!" என்று வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்.

சகுனமாவது மண்ணாவது என்று ஊருக்கெல்லாம் பேசுகிறவள் நான். "தெரியலிங்க" என்றேன். எதிர்வீட்டம்மாவுக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் அது என் காலடிக்கு வந்து மல்லாந்து படுத்தது. காலால் தள்ளினேன். விளையாடுகிறேன் என்று நினைத்ததோ என்னவோ, வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் என்னிடமே வந்தது.