கவிழ்த்தாலும் விழாத தயிர்

வெளிநாட்டுக்குப் போவது எப்படி என்று எங்கள் மண்டூரில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என் மாமாவிடம்தான் வருவார்கள். வராவிட்டால் அவரே தேடிப்போய்ச் சொல்லுவார். கட்டாரில் மேசன் வேலை செய்துவிட்டு வந்தவர். உலகத்தில் எத்தனை நாடுகள் இருந்தாலும் எல்லாம் கட்டாரைப் போலத்தான் இருக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. நாங்களும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? ஊரோடு இருந்த எங்கள் ஆட்களில் விமானம் ஏறியவர் அவர் ஒருவர்தானே.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவும் நானும் சுவிசுக்குப் போகும்படி ஆயிற்று. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அங்கேதான் இருந்தாள். யுத்தம் முடிகிற காலத்தில் போனவள் பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை. நான் அவளைக் கைத்தொலைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது அவளுக்கு முதற்பிள்ளை வயிற்றில். அக்கா வந்து பார்க்க வேண்டும் என்று டிக்கெட்டும் அனுப்பியிருந்தாள்.

"என்ன கொண்டு வரட்டும், சொல்லு" என்று அம்மா கேட்டாள்.

"ஒரு சட்டி எருமைத் தயிர் போதும் அக்கா. வேற ஒண்டும் வேணாம்."

அதைச் சொல்லும்போது சின்னம்மாவின் குரல் ஒருமாதிரி இருந்தது. தாயில்லாத அந்தத் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அம்மா. பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் விடுவாளா? தலையே போனாலும் தயிர் போய்ச்சேர வேண்டும் என்று அன்றே முடிவாகிவிட்டது.

விசா கிடைத்த மறுநாள் மாமா பாடம் தொடங்கினார். கடவுச்சீட்டைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். குளிக்கப் போனாலும் கழற்றக்கூடாது. கசகசா ஒரு மணிகூடப் பெட்டிக்குள் இருக்கக்கூடாது, இருந்தால் நேரே மறியற்சாலை. குறுமண்வெளிக்குப் போக வாவியைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் 'பாதை' என்போம். அதில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கச் சொல்லி அம்மாவைப் போக வரப் பழக்கினார். எயார்போட்டில் ஓடுகிற படிக்கட்டில் ஏறுவதற்கு அதுதான் பயிற்சியாம். பாதையில் வந்த சனமெல்லாம் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதுதான் மாமாவின் பெரிய பாடம்.

"எயார்போட்டில ஒருத்தன்ட முகத்தப் பார்த்தும் சிரிச்சிரப்படா அக்கா. சிரிச்சா சந்தேகப்பட்டுப் பெட்டியத் திறந்திருவானுகள்."

தயிர் எடுக்க மாமாவே மோட்டார் சைக்கிளில் எருமைப் பட்டிகள் இருக்கிற உன்னிச்சைக்குப் போனார். கொண்டுவந்த சட்டியை என் தலைக்கு மேலே தூக்கி, அப்படியே கவிழ்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு சொட்டு விழ வேண்டுமே! எங்கள் பக்கத்து எருமைத் தயிர் என்றால் சும்மாவா?

"இது தயிரில்ல மனே, கல்லு! சுவிசுக்கென்ன, சந்திரனுக்கும் கொண்டு போகலாம்."

அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அங்க சுங்கத்தில விடுவாங்களா?" என்றார்.

"தயிருக்கு ஆர் என்ன சொல்றது மச்சான்? கட்டார்ல ஒருத்தனும் கேட்டதில்ல."

கட்டாருக்கு அவர் ஒருநாளும் தயிர் கொண்டுபோனதில்லை என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சட்டியின் வாயைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டி, அப்பா உடுத்துப் பழசான சாரத்தால் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்தோம்.

அம்மா கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து சுவிஸ் வரை சிரிக்கவில்லை. விமானப் பணிப்பெண் சாப்பாடு தந்தபோதுகூட முறைத்துக்கொண்டுதான் வாங்கினாள். அந்த முகத்தைப் பார்த்தோ என்னவோ, சுங்கத்தில் அத்தனை சனத்துக்குள் எங்கள் பெட்டியைத்தான் திறக்கச் சொன்னார்கள்.

கொண்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி சாரத்தை அவிழ்த்தாள். சட்டியைப் பார்த்ததும் தலையை ஆட்டி, மூலையில் இருந்த குப்பைத் தொட்டியைக் காட்டினாள். எங்களுக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் விளக்கினார்.

"தங்கச்சி, வெளிநாட்டுப் பால் சாமான் ஒண்டும் உள்ளுக்கு விடாயினம். உதுக்குள்ளதான் போடவேணும்."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. சட்டியை இரண்டு கையாலும் எடுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஐயா, சாப்பிடுற சாமானக் குப்பையில போட என்னால ஏலா. உள்ளுக்குத்தானே கொண்டு போகப்படா? இதிலயே இருந்து திண்டு முடிக்கிறன் எண்டு சொல்லுங்க."

ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி சட்டியைச் சுட்டி ஏதோ கேட்டாள். என்ன கேட்டாளோ, அம்மா பதிலாகப் பொலித்தீனை உரித்துச் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அதிகாரி "ஓ!" என்று கத்தி இரண்டு கையையும் நீட்டினாள். தயிர் விழவில்லை. சுவிஸ் வரைக்கும் வந்தும் விழவில்லை! அவள் வாய்விட்டுச் சிரித்து, ஓரத்தில் இருந்த வாங்கைக் காட்டினாள். அம்மாவும் சிரித்துவிட்டாள்.

வாங்கில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள் அம்மா. எனக்கு ஊட்டினாள். ஐயாவின் உள்ளங்கையிலும் ஒரு கட்டி வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கா வெட்கம்? வெள்ளைக்காரப் பொலிசுக்கு முன்னால் ஒரு சட்டித் தயிரைச் சாப்பிட்ட அம்மா எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கு இருக்கிறாள்? சட்டியை வழித்துத் துடைத்து, இனி என்ன என்பது போல அம்மா எழுந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த நடையை இன்றைக்கும் நான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடந்து காட்டுவேன்.

வெளியே சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. வெறும் சட்டியை நீட்டினாள்.

"தங்கச்சி, முழுக்கத் திண்டு முடிச்சிட்டன். உனக்கு ஒரு கரண்டியும் மிச்சமில்லகா" என்றவள் அப்படியே உடைந்துபோனாள்.

சின்னம்மா சட்டியை வாங்கவில்லை. அம்மாவின் வலக்கையைப் பிடித்து முகத்தில் வைத்துத் தயிர் வாசத்தை முகர்ந்தாள். விடாமல் முகர்ந்துகொண்டே அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தயிருக்குப் போய் அழுறீங்களே சின்னம்மா! நாங்க திரும்பிப் போகக்குள்ள நீங்களும் வாங்க. உன்னிச்சையில எவ்வளவு எருமை நிக்கிது! ஆசை தீரச் சாப்பிடலாம்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சின்னம்மாவைப் போல அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு அந்த நாடு கொடுக்கிற பயணப் பத்திரத்தோடு எந்த ஊருக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு பெரிய மனிதருக்கும் தோன்றாத வழி எனக்குத் தோன்றிவிட்டதே என்ற பெருமையில், பெட்டியை நானே இழுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தேன்.