பல் பட்ட ஸ்ட்ராபெரி

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒருமுறை கொடைக்கானல் கடையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கி வந்தேன். என் மனைவி பழத்தின் மேலிருந்த விதைகளைச் சுரண்டி, தறியில் மிஞ்சிய துணியை நனைத்து அதில் முளைக்க வைத்தாள். எங்கள் ஊர் வெயிலில் பிழைத்தது ஒரே செடி. கோடை முழுக்க அதை நிழலுக்கு நிழல் நகர்த்தித் தண்ணீர் ஊற்றியது அவள்தான். முதல் பழம் ஆண்டாளுக்கு என்று நேர்ந்துகொண்டது மட்டும் நான்.

மார்கழியில் ஒரு பழம் சிவந்தது. கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், பாதிதான் இருந்தது. அவள் மென்றுகொண்டிருந்தாள்.

“ஏட்டி, சாமிக்கு நேந்ததைக் கடிச்சிட்டியே!”

“ஏன் கத்துதீய? சாமிக்குப் போற மாலையவே ஆண்டா சூடிப் பாத்துட்டுத்தான குடுத்தா? அவளா கோவிக்கப் போறா?”

பல் பட்ட பாதியை ஆண்டாள் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வாயில் போட்டேன். கண்ணை மூட வைக்கும் புளிப்பு. அவள் அதை முகம் சுளிக்காமல் மென்றுகொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் ஊற்றியவளுக்கு அது இனித்திருக்க வேண்டும்.