குருசடிக்குப் போட்ட நீலம்

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியதும் சட்டியே கொதிக்கிற மாதிரி ஒரு சத்தமும், மூக்கைச் சுடுகிற ஒரு வாடையும் வருமே, அது எங்கே வந்தாலும் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

ராயபுரத்தில் எங்கள் வீடு. நைனா கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு, திருவொற்றியூர்க் கரையோரம் இருந்த மாதா ‘குருசடி’க்கு நடப்பார். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடுகிற சிலுவைக் கோயில்தான், உச்சியில் மட்டும் உயரமாக ஒரு கூம்பு. உடைந்த கப்பலின் பாய்மரத்தை நடுவில் நட்டு, அதைச் சுற்றித்தான் செங்கல் வைத்துக் கட்டினார்களாம். வழியெல்லாம் அந்தக் கதைதான். பிறகு தூரத்தில் தெரிகிற சிவன் கோயில் கோபுரத்தைக் காட்டுவார்.

“கோபுரத்துக்கு நேரா நம்ம குருசடி வந்து நின்னா, அதான் கரைக்கு வழி. கொஞ்சம் தள்ளிப் பூட்டா மணல்திட்டு, அலை மரத்தைப் பொரட்டிடும். ரெண்டு சாமியும் ஒத்துமையா நின்னாதான் நமக்குச் சோறு கீது” என்று சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதில், திருநாளுக்கு வெள்ளையடிக்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. நைனாவும், அம்மாவின் தம்பியான என் மாமனும் கடலில் இருந்தார்கள். “ஒரு சிட்டிகை நீலம் போடு, வெள்ளை பளிச்சினு இருக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா ஏணியில் ஏறினாள். மாதாவின் மேலாடை நீலம்தானே என்று நான் பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கிவிட்டேன். காய்ந்தால் வெளுத்துவிடும் என்று அம்மாவும் அடித்தாள். காய்ந்தபோது வானமும் குருசடியும் ஒரே நிறமாக இருந்தன.

“இன்னாடி, மாதா சேலையைப் புழிஞ்சி ஊத்திட்டியா?” என்று சிரித்த அம்மா, மேலே வெறும் சுண்ணாம்பு ஒரு பூச்சு அடிக்கலாம் என்றாள். வாயே திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன்: “வேணாம்மா. நைனா வந்து பாக்கட்டும்.”

நைனா வரவில்லை. மறுநாள் வேறொரு கட்டுமரத்தில் மாமனை மட்டும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

“கோபுரம் தெரிஞ்சிதுக்கா. குருசடியத்தான் காணோம். எங்கடா பூட்ச்சி, எங்கடா பூட்ச்சின்னு மாமா கடைசி வரிக்கும் தேடிகினே இருந்தாரு.”

அம்மா, கதவுக்குப் பின்னால் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து போய், அழுதுகொண்டே சுண்ணாம்பைக் கரைத்து, தனியாளாகக் குருசடிக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தாள். நீலத்தைப் பற்றிச் சாகும்வரை யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்தான்.

சில வருடங்களில் கடல் ஏறி வந்து குருசடியைத் தின்றது. சுவர் விழுந்த அன்று ஓடிப்போய்ப் பார்த்தேன். நைனா சொன்ன பாய்மரம் உள்ளே இருந்தது. எவ்வளவு தூரத்துக்கும் தெரிகிற மாதிரி, கறுப்பாக, இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனது.

இப்போது அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கோபுரம் இருக்கிறது, அதற்கு நேராகத்தான் ஒன்றுமில்லை. முடிகிற நாளில் நான் போய், கடலைப் பார்த்துச் சற்று நேரம் அங்கே நின்றுவிட்டு வருவேன். நீலம் போடாத வெள்ளைச் சேலைதான் கட்டிக்கொண்டு போவேன்.