அக்காவின் மாவும் மெழுகும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் அம்மா மாப்பிள்ளையைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. அவருடைய அக்காவைப் பற்றித்தான் நாலு பேரிடம் கேட்டாள். "மாமியார் இல்லைன்னு சந்தோஷப்படாதே. கல்யாணம் ஆகாத நாத்தனார் ஒருத்தி ரெண்டு மாமியாருக்குச் சமம்" என்றாள். கேட்ட நாலு பேரும் நல்லதாகவே சொன்னார்கள். பல் செட் செய்கிறவள், வீட்டு முன்னறையிலேயே வேலை, அதிர்ந்து பேசமாட்டாள், தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அந்த வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குப் பூனை ஆகாது. கடித்ததில்லை, பிறாண்டியதில்லை, ஆனாலும் ஆகாது. அது நம்மைப் பார்க்கிற பார்வையில் ஒரு கணிப்பு இருக்கும். நான் பெட்டியோடு அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று, அக்காவின் வேலைமேசையில் ஒரு வெள்ளைப் பூனையும் அதன் கீழே ஒரு மஞ்சள் பூனையும் உட்கார்ந்து என்னை அப்படித்தான் பார்த்தன. சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பல் செட்டுகள் வேறு. ஊரே வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"வெள்ளை மாவு, மஞ்சள் மெழுகு" என்று அக்கா அறிமுகப்படுத்தினாள். அவள் கையில் ஓயாமல் இருக்கிற இரண்டு பொருள்கள் அவை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அக்கா அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பாள். அதன்மேல் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். மாவு விற்கிற கடையின் கிடங்கில், காலி அட்டைப்பெட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டு எங்கோ போய்விட்டது. கடைக்காரர் கெஞ்சியதால் அக்கா வெள்ளைக் குட்டியை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள். அது ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறது. விடிந்ததும் போய் மஞ்சளையும் எடுத்து வந்துவிட்டாள். அது நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது.

முதல் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாவு என் துணி அலமாரிக்குள் தூங்கியது. மெழுகு நான் எந்த நாற்காலியிலிருந்து எழுந்தாலும் அந்தச் சூட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் புகார் சொன்னால், "என்னைவிட அதுங்களுக்குத்தான் இங்க செல்வாக்கு. நான் சொல்லி என்ன ஆகப்போவுது?" என்பார். அக்காவிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது பதிலுக்குக் கொட்டியிருப்பேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

ஒருநாள் மட்டும் கொஞ்சம் துணிந்து, நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். அவள் பல் ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டே சொன்னாள்: "மூணு பேர் வந்து பாத்தாங்க. கடி சேரலை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரலைன்னா அப்புறம் ராவி ராவியே ஆயுசு போயிடும்மா." சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். குரலில் குறையேதும் தெரியவில்லை.

அந்த வீட்டில் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது கணக்கு வாத்தியார் பல் காணாமல் போன அன்றுதான். அவர் எங்கள் தெருக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கீழ்ச்செட்டில் விரிசல் விழுந்ததென்று அக்காவிடம் கொடுத்திருந்தார். ஒட்டி முடித்து, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். காலையில் அவர் வந்தபோது கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. மேசையிலிருந்து உள்ளே போகிற கதவு வரை ஈரப் பாதத் தடம்.

நானாக இருந்தால் இன்னும் வேலை முடியவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அக்கா அவரை உட்காரவைத்துச் சொன்னாள்: "சார், பூனை எடுத்துட்டுப் போயிடுச்சு. வீட்டுக்குள்ளதான் இருக்கும். தேடறோம், டீ குடிங்க."

வாத்தியார் ஏதோ சொன்னார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது எவ்வளவு உண்மை என்று அன்றைக்குப் பார்த்தேன். "ஃபாயந்தரம் ஃபொதுக்கூட்டத்துல ஃபேஃபணும்" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அலமாரி, கட்டிலடி, குப்பைத் தொட்டி எல்லாம் தேடி, கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். துவைத்து மடிப்பதற்காக வைத்திருந்த துணிக்கூடைக்குள், என் வீட்டுக்காரருடைய சட்டை நடுவில், மெழுகு சுருண்டு படுத்திருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் வாத்தியாருடைய பல், முட்டை மாதிரி பத்திரமாக. அக்கா அதை சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி மோட்டாரில் பாலிஷ் பிடித்துக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை கடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பூனை இதைக் கடிச்சுதா?" என்றார்.

"அதுக்குச் சொந்தப் பல் இருக்கு சார். உங்களுது எதுக்கு?"

அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கி வைத்திருந்து, நானும் அக்காவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். என் அம்மா வந்தவள், பூனைகளைப் பார்த்துவிட்டு, குழந்தை பிறப்பதற்குள் இரண்டையும் எங்காவது விட்டுவிடவேண்டும் என்று அக்கா காதில் விழும்படியே சொன்னாள். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். அன்று சாயங்காலம் அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"உனக்கு வேண்டாம்னா சொல்லு, குடுத்துடறேன். கடைக்காரர் எடுத்துக்குவார். ஆனா நீ சொல்லணும். ஊர் சொல்றதுக்காக இல்ல."

இந்த வார்த்தையைத்தான் நான் ஒன்றரை வருஷமாக எதிர்பார்த்திருந்தேன். இப்போது கையில் கிடைத்ததும் மதில்மேல் பூனையாகிவிட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். பூனைக் கழிவை நீங்கள் சுத்தம் செய்யாதீர்கள், கையைக் கழுவிக்கொள்ளுங்கள், மற்றபடி பூனை இருக்கட்டுமே என்றார். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நான் குளியலறையில் குனிந்து வாந்தி எடுக்கும்போதெல்லாம் மாவு வந்து வாசலில் உட்காரும். கிட்டே வராது, உரசாது. நான் நிமிர்ந்து முகம் கழுவும்வரை இருந்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று போய்விடும். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார், அக்கா மோட்டார் சத்தத்தில் இருப்பாள். அந்த நேரத்துக்கு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். எப்படி அனுப்பச் சொல்வேன்?

"இருக்கட்டும் அக்கா" என்றேன். மறுநாள் பார்த்தால், மாவு உள்ளே நுழையாதபடி என் அலமாரிக் கதவுக்கு அவள் ஒரு கொக்கி போட்டிருந்தாள்.

என் மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், மெழுகின் வாலைப் பிடித்து நடக்கப் பழகினாள். அவள் முதலில் சொன்ன வார்த்தை "மாவு". என்னைத்தான் அம்மா என்று கூப்பிடத் தெரியாமல் மாவு என்கிறாள் என்று நான் கொஞ்ச நாள் சாதித்துப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

பூனைகளுக்கு வயசாகிறது என்பது சட்டென்று தெரிவதில்லை. ஜன்னலுக்கு ஒரே தாவாகத் தாவிக்கொண்டிருந்தது, முதலில் நாற்காலியில் ஏறி அங்கிருந்து தாவும். பிறகு நாற்காலியோடு நின்றுவிடும். மெழுகுக்குப் பதினாலு வயதானபோது என் வீட்டுக்காரர் ஒரு பலகையை அறுத்து, சாக்குத் துணி ஒட்டி, ஜன்னல் வரை சாய்வாகப் பொருத்தினார். சாய்வு சரியாக இருக்கிறதா என்று டேப் வைத்து மூன்று தடவை அளந்தார். மனிதர்களை ஏற்றி இறக்குவதற்குக்கூட அவர் இவ்வளவு அளந்திருப்பாரா, தெரியாது.

அடுத்த வருஷம் மெழுகின் பற்கள் ஆடின. கால்நடை டாக்டர் பார்த்து, ஈறு முழுக்கச் சீழ், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். அக்கா வெளியே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். "ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லு கட்டியிருக்கேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மீனை வேகவைத்து, முள் எடுத்து, மாவு கலக்கிற ரப்பர் கிண்ணம் புதிதாக ஒன்று பிரித்து, அதில் போட்டு மசித்தாள். விரல் நுனியில் எடுத்து நீட்டினால் மெழுகு நக்கி நக்கித் தின்றது. ஒரு மாதத்தில் முன்பைவிடக் குண்டாகிவிட்டது. பல் இருந்த காலத்தில் வலியோடுதான் தின்றிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று அக்கா வருத்தப்பட்டாள்.

பல் போன கையோடு பார்வையும் போயிற்று. ஒருநாள் காலை மெழுகு நேராக வந்து கதவில் முட்டிக்கொண்டது. டாக்டர், ரத்த அழுத்தம், திரும்ப வராது என்றார். நாங்கள் கலங்கிய அளவுக்கு மெழுகு கலங்கவில்லை. நாலைந்து நாளில் மீசையால் தடவித் தடவி வீட்டை மனப்பாடம் செய்துவிட்டது. கட்டிலிலிருந்து பத்தடி, இடதுபக்கம் திரும்பினால் தண்ணீர், நேரே போனால் பலகை. நடையில் ஒரு தயக்கம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் கூடத்துக்கு ஒரு புது சோபா வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பழையது நடுவில் குழி விழுந்து கிடந்தது. வாங்கவேண்டும் என்று வருஷக்கணக்காக நச்சரித்தவள் நான்தான்.

"இப்ப வேண்டாம்" என்றேன்.

"ஏன்? நீதானே கேட்டே?"

"எடத்தை மாத்தினா அவன் முட்டிக்குவான்."

அவரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெழுகை அவன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவையாம். எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் எங்கள் வீட்டில் ஒரு முக்காலிகூட நகரவில்லை. விருந்தாளிகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், அவர்கள் எழுந்ததும் நான் போய் தரையில் இருந்த அடையாளத்தில் திரும்ப வைப்பேன்.

மெழுகு பத்தொன்பது வயது வரை இருந்தான். கடைசி வாரம் தண்ணீர் மட்டும் குடித்தான். ஒரு மத்தியான வேளையில், பாலிஷ் மோட்டார் மேல் மூடியிருந்த துணியில், வெயில் விழுகிற இடத்தில் படுத்தபடியே போய்விட்டான். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். மூச்சு நின்றதை அவள்தான் பார்த்தாள். பின்புறச் சுவரோரம் என் வீட்டுக்காரர் குழி வெட்டினார். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தார்கள்.

அக்கா அழவில்லை. அன்றைக்குக் கொடுக்கவேண்டிய முழு செட் ஒன்று இருந்தது, உட்கார்ந்து முடித்து அனுப்பிவிட்டாள். மூன்றாம் நாள் பல் டாக்டர் போன் செய்தார்.

"அக்கா, இது நீங்க செஞ்சதுதானா? முன்பல்லு ரெண்டும் கோணலா நிக்குது."

"என் பூனை செத்துப்போச்சு டாக்டர்" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு அப்போதுதான் அழுதாள். முப்பது வருஷத்தில் அவள் கையிலிருந்து திரும்பி வந்த முதல் செட் அது. டாக்டர் நல்லவர், நோயாளியை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்.

மாவு அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்தாள். காது கேட்காமல் போனதால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் கூடத்தின் நடுவில் நின்று ஒரு கத்தல் கத்துவாள், தெருவே எழுந்துவிடும். பால்காரர் அதைக் கேட்டுத்தான் சைக்கிளை வேகமாக மிதிப்பாராம். இருபத்தொரு வயது முடிந்து சில நாளில், என் அலமாரியின் கீழ்த்தட்டில் போய்ப் படுத்தாள். கொக்கியை நான் எப்போதோ கழற்றிவிட்டிருந்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தாள். நானும் அக்காவும் மாறி மாறித் தரையில் உட்கார்ந்திருந்தோம். பேசிக்கொண்டேதான் இருந்தோம், வாத்தியார் பல் கதைகூடப் பேசிச் சிரித்தோம். போகிற ஜீவனுக்கு முன்னால் சிரிப்பதா என்று கேட்கலாம். அவளுக்குத்தான் காது கேட்காதே.

அப்புறம் வீடு ரொம்ப சுத்தமாக இருந்தது. சோபாவும் வந்தது. அக்காவுக்கு யார் யாரோ குட்டிகள் தருவதாகச் சொன்னார்கள். "அறுபதைத் தொடப்போறேன். குட்டி எடுத்தா அது இருபது வருஷம் இருக்கும். அதுவரைக்கும் நான் இருக்கணும்ல?" என்று மறுத்துவிட்டாள். இருந்தாலும் கால்நடை டாக்டரிடம் மட்டும் வேறொன்று சொல்லி வைத்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது. கிழடாக ஏதாவது வந்தால் கூப்பிடுங்கள் என்று.

மூன்று வருஷம் கழித்து அவர் கூப்பிட்டார். தனியாக இருந்த ஒரு பெரியவர் இறந்துபோய், அவருடைய சாம்பல் நிறப் பூனை ஆஸ்பத்திரிக் கூண்டில் இருந்தது. ஒரு காது மடங்கி, இரண்டு கன்னமும் உப்பி, யார்மேலோ கோபமாக இருக்கிற முகம். பெரியவர் அதற்கு வைத்திருந்த பெயர் ஜட்ஜ்.

"யோசிச்சு எடுங்க. பதிமூணு வயசாச்சு" என்றார் டாக்டர்.

"பதிமூணா? சின்னப் பையன்" என்றாள் அக்கா.

ஜட்ஜ் வந்து மூன்று நாள் சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அக்கா தரையில் படுத்து, அதன் முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் கையை நீட்டி வைத்துக் காத்திருந்தாள். நாலாம் நாள் சாப்பிட்டது. இப்போது அதற்குப் பதினைந்து. முதுகுப் பக்கம் நக்கிக்கொள்ள எட்டவில்லை என்பதால், மத்தியானம் வேலை முடிந்ததும் அக்கா ஒரு ஈரத்துணியால் துடைத்துவிடுகிறாள். நான் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். ஜட்ஜ் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். பிறகு இரண்டு பேரும் அவரவர் வேலையைக் கவனிப்போம்.