அடியில் செருகிய சிலேட்டு

என்னை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், பினாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், பத்து வயதில் நான் செய்த காரியம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே கூடம். எல்லா வகுப்பும் அதற்குள்தான், வாத்தியாரும் ஒருவர்தான். கணக்குப் பாடத்துக்கு மட்டும் அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். வேகமாகப் போடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் தடுமாறுகிற பிள்ளையை உட்கார வைப்பார். அப்படித்தான் என் சிநேகிதியும் நானும் ஒரே பெஞ்சுக்கு வந்தோம். தடுமாறுகிற ஆள் யார் என்று கேட்காதீர்கள், நான்தான். பின்னக் கணக்கு எனக்கு வரவே வராது. அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவளுக்கு எல்லாமே மூட்டைக் கணக்குதான்.

"முக்கால் முக்காலா ஏண்டி எண்ணுறே? நாலு முக்கால் சேர்ந்தா மூணு. மூணு மூணா எண்ணு லா!" என்பாள். கோபப்பட மாட்டாள். நூறு தரம் கேட்டாலும் நூறு தரம் சொல்வாள்.

ஒரு நாள் வாத்தியார் புது ஏற்பாடு ஒன்றை அறிவித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆறு பேரைப் பிரித்துப் பக்கத்து அறையில் வைத்து, இரண்டு வருஷக் கணக்கை ஒரே வருஷத்தில் நடத்தப்போகிறாராம். அதன்பின் அவர்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். அந்த அறையில் கிடந்தது ஒரே பெஞ்சு, அதனால் ஆறு பேர்.

மறுநாள் காலையில் அவள் முகமே சரியில்லை. "எங்கப்பா சொல்லிட்டாரு. ஆறு பேருல வந்தா படிக்கலாமாம். இல்லேன்னா வீட்டுல இருந்து தம்பியைப் பார்த்துக்கணுமாம்."

நான் சும்மா இருந்தேனா? அவளுக்கு ஒரு கஷ்டம் என்றால் எனக்கும் ஒன்று வேண்டும் அல்லவா! "எங்கப்பா மட்டும் என்னவாம்? நான் வரலேன்னா பெல்ட்டாலேயே தோலை உரிச்சிருவாரு" என்று அளந்துவிட்டேன். ஆபீசில் பேரேடு எழுதும் கிராணியாக இருந்த என் அப்பா, வாழ்நாளில் என்னை ஓர் அதட்டுகூட அதட்டியதில்லை. அவளோ கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சோதனை நடந்தது. விடை எழுதியதும் சிலேட்டை வாத்தியார் மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் அதன்மேல் வைக்க வேண்டும். கடைசியில் அடுக்கை அடியிலிருந்து எண்ணி, சரியாகப் போட்ட முதல் ஆறு பேரை எடுப்பார். இதுதான் எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம்.

பிக்குல் என்பது அங்கே அரிசி நிறுக்கும் எடை. கணக்கு இது: ஒரு மூட்டையில் முக்கால் பிக்குல் அரிசி, பதினாறு மூட்டையில் எத்தனை பிக்குல்? மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. அவள் சொல்லிக்கொடுத்த வழிதான். எப்போதும் முதலில் எழுகிற அவள், அன்று பயத்தில் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பேர் வைத்துவிட்டார்கள். ஆறாவதாக அவள் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஏழாவது நான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறதே என்று வாத்தியார் சன்னலைச் சாத்த எழுந்தார். அவளுடைய சிலேட்டைத் தூக்கி, என்னுடையதை அடியில் செருகினேன். அடிப்பாவி, செருகிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போலப் போய் உட்கார்ந்தேன்.

ஆறு பேரில் நான் இருந்தேன். அவள் இல்லை.

பக்கத்து அறையில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆறு பேரும் அவரவர் சிலேட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினோம். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற சத்தம் கேட்கும். ஒரு மாதம் கேட்டது, அவள் அப்பா விட்டுவைத்தது அவ்வளவுதான். அப்புறம் அவள் வருவது நின்றுவிட்டது. வாத்தியாரிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரு காலை, பாசாரில் மீன் கடை முன்னால் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. என்னைக் கண்டதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே, அந்த ஈரத்தரையில் நின்றுகொண்டே, சிலேட்டு விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

"தெரியும்டி. பெஞ்சுல உக்காரத் திரும்பினேன் இல்லே, அப்பவே பார்த்தேன்" என்றாள்.

"பார்த்தியா! அப்புறம் ஏண்டி வாத்தியார்கிட்டச் சொல்லலே?"

இது கூடவா தெரியாது என்பதுபோல என்னைப் பார்த்தாள். "உன்னைப் பெல்ட்டால அடிப்பாருன்னு சொன்னியே. எங்கப்பா வீட்டுல இருன்னுதானே சொன்னாரு, அடிப்பேன்னு சொல்லலியே." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்: "இப்பவாச்சும் அப்பா கோபம் குறைஞ்சிருச்சா?"

"குறைஞ்சிருச்சு" என்றேன்.