சம்பந்தி சர்வர்

"கையெழுத்துப் போட மாட்டனுங்க சார்."

அன்புச்செல்வி இப்படிச் சொன்னதும், பேனாவை நீட்டிய சென்னகிருஷ்ணனின் கை அப்படியே நின்றது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஐம்பது பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கு அவர் முதலாளி. தோட்டத்துப் போர்வெல் மோட்டாரைத் தானே போட்டு அணைக்கிற ஒரு பெட்டி செய்து விற்கிறார். அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதியவள் அன்புச்செல்வி. மேசைமேல் இருந்த கடிதத்தில் நாலே வரிதான். வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் எரிந்துபோனதற்குத் தன் புரோகிராம் மட்டுமே காரணம் என்று அவள் ஒப்புக்கொள்கிறாளாம். அதனால் தானாகவே வேலையை விட்டு விலகுகிறாளாம். யாரோ நல்ல ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தார்கள்.

"கண்ணு, உம்மேல எனக்கொண்ணும் கோவமில்ல," என்றார் சென்னகிருஷ்ணன். "சர்வர்காரங்க கணக்கா லாக் பதிவு எடுத்துக் காட்டிப்போட்டாங்க. அவங்களப் பகைச்சுக்கிட்டா நம்ம நானூறு பெட்டியும் ஊமையாயிரும். நீ இதப் போட்டுக் குடு. உனக்கு வேற எடத்துல நானே சொல்லி உடறேன்."

"நீங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றீங்க. ஆனா தப்பு எங்கீங்க இருக்குதுன்னு பாக்காம எப்படிங்க போடறது? வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுங்க சார். அதுக்குள்ள கண்டுபுடிக்கலீன்னா நானே வந்து போட்டுத் தர்றனுங்க."

அன்புச்செல்விக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சில் மரியாதை கூடும். அன்றைக்கு அவள் போட்ட 'ங்க'வை எண்ணியிருந்தால் முதலாளி பயந்திருப்பார். மனுஷன் எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் என்று சொல்லிக் கடிதத்தை டிராயரில் வைத்தார்.

அந்தப் பெட்டி செய்கிற வேலை ரொம்ப எளிது. பத்து நொடிக்கு ஒருமுறை அது இணையத்தில் ஒரு சர்வரைக் கூப்பிட்டு, "மோட்டார் ஓடட்டுமா, நிக்கட்டுமா?" என்று கேட்கும். விவசாயி தன் போனில் என்ன அமுக்கி வைத்திருக்கிறாரோ, அதைச் சர்வர் பதிலாகச் சொல்லும். பெட்டி இவர்களுடையது. சர்வர் வெளியூர்க் கம்பெனி ஒன்றினுடையது. கேட்கிறவன் ஒருத்தன், பதில் சொல்கிறவன் இன்னொருத்தன். இரண்டு பேருக்கும் நடுவில் எது கெட்டாலும் பழி கேட்டவன் தலையில்தான் விழும், ஏனென்றால் சுவிட்சைப் போடுகிற கை அவனுடையது.

முப்பது வயதுவரை அவளை விட்டுவிடச் சொன்னவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. அப்பா அங்கப்பன் வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். இப்போது மதுக்கரையில் ஒரு லாரி செட்டில் வாட்ச்மேன். மகளை எட்டாவதோடு நிறுத்தி மில்லுக்கு அனுப்பச் சொன்னார்கள். அவள் போகவில்லை. பாலிடெக்னிக்கில் இந்தப் பாடம் உனக்கு வராது என்றார்கள். அவள் பாடத்தை மாற்றவில்லை. அங்கே லேபில் முப்பது கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு நெட் இணைப்பு, அதுவும் சார் மேசையில். மற்றவர்கள் நெட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது, ஒரு கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் என்பதை அவள் கண்டுபிடித்தாள். ஒரே மெஷினுக்குள் ஒரு புரோகிராம் கேட்கும், இன்னொரு புரோகிராம் சர்வராக உட்கார்ந்து பதில் சொல்லும். வெளியே ஒரு கம்பிகூடப் போக வேண்டியதில்லை. யாரிடமும் போய் நிற்க வேண்டியதுமில்லை. அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை அவள் முதலில் செய்தது, எரிந்த மோட்டாரின் சொந்தக்காரியான பாவாத்தாளுக்குப் போன் போட்டது.

"ஏனுங்க, கம்பெனியிலிருந்தா பேசறீங்க?" என்றாள் பாவாத்தாள். "ரெண்டு பேரு வந்தாங்க. போட்டோ புடிச்சாங்க. போயிட்டாங்க. என்ன ஆச்சுன்னு எங்கிட்ட ஒருத்தராச்சும் கேக்கோணுமல்ல?"

"நான் கேக்கறனுங்கக்கா. சொல்லுங்க."

"அதென்ன சொல்றது அம்மணி. மூணு பேஸ் கரண்ட் வந்தாப் போதும், அந்தப் பொட்டி கிறுக்குப் புடிச்சாப்புல போடுது, அமத்துது, போடுது, அமத்துது. பத்து நிமிசம் ஆடிப்போட்டு அப்பறம் ஒழுங்கா ஓடும். ஒரு வாரம் இப்படி. மோட்டாரு பழசு வேற, எட்டா நாளு பொகை வந்துருச்சு. முருங்கையெல்லாம் வாடி நிக்குதுங்க. பக்கத்துத் தோட்டத்துல தண்ணி கேட்டு ஊத்திட்டிருக்கறேன்."

மூணு பேஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அன்புச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோட்டத்து மோட்டார் ஓடுகிற மூன்று பேஸ் கரண்ட் அந்தப் பக்கம் முறை வைத்துத்தான் வரும். வருகிற நேரத்துக்கு ஓடிப்போய் மோட்டாரைப் போடுவதற்கென்றே அவள் அப்பா பாதிச் சோற்றில் எழுந்து ஓடியதை அவள் எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்! பெட்டி வந்தபின் யாரும் ஓடுவதில்லை. போனில் 'ஓடு' என்று ஒருமுறை அமுக்கி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். கரண்ட் வந்ததும் பெட்டி உயிர் பெற்று, கேட்டு, தானே மோட்டாரைப் போடும். கம்பெனி விற்ற நானூறு பெட்டியும் அந்த வட்டாரத்தில்தான். அதாவது கரண்ட் முறை தொடங்குகிற காலை ஒன்பது மணிக்கு அவை அத்தனையும் ஒரே நொடியில் கண் விழித்து ஒரே சர்வரின் கதவைத் தட்டுகின்றன. நாள் முழுக்கக் கரண்ட் இருக்கிற ஆபீசில் உட்கார்ந்து, பதினோரு மணிக்கு ஒரே ஒரு பெட்டியை வைத்துச் சோதிக்கிறவனுக்கு இது எங்கிருந்து தெரியும்?

அவள் தன் லேப்டாப்பிலேயே ஒரு சர்வரை எழுதினாள். மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, நிஜச் சர்வரின் முகவரிக்குப் பதில் லேப்டாப்பின் முகவரியைக் கொடுத்தாள். நல்ல சர்வர் எழுத யாருக்கும் தெரியும். இவள் எழுதியது கெட்ட சர்வர். கேட்டால் பதில் சொல்லாமல் இழுக்கும். பாதிப் பேச்சில் போனை வைத்துவிடும். இன்றைக்கு முடியாது என்று முகத்தைத் திருப்பும். அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் செய்த அத்தனையும் அது செய்ததால் அதற்குச் 'சம்பந்தி' என்று பெயர் வைத்தாள். பக்கத்து மேசை ஹிபா, கோட்டைமேட்டிலிருந்து வருகிற பெண், சர்க்யூட் பார்ப்பவள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தப் பக்கமாக வந்த சென்னகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "நெசமான சர்வர் அங்க இருக்கறப்ப இதென்ன கண்ணு, பொம்மை வெளையாட்டு?"

"நெசச் சர்வரக் கொஞ்சம் கெட்டுக் காட்டுன்னு நாம கேக்க முடியாதுங்களே சார். இது நாஞ் சொன்ன நேரத்துக்கு, நாஞ் சொன்ன மாதிரி கெடுமுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை முழுக்கச் சம்பந்தி எல்லாச் சேட்டையும் செய்து பார்த்தது. இழுத்தது, பெட்டி பொறுமையாகக் காத்தது. பாதியில் வைத்தது, பெட்டி மறுபடி கேட்டது. முடியாது என்றது, பெட்டி முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அன்புச்செல்விக்குத் தன் புரோகிராம்மேல் பெருமையாகக்கூட இருந்தது. வியாழன் மதியம் கடைசியாக ஒன்று மிச்சம். முதல் வரியில் 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டு, உள்ளே 'மன்னிக்கவும், பிறகு முயலவும்' என்று ஒரு பக்கத்தை இடையிடையே அனுப்பும்படி சம்பந்தியை மாற்றினாள். வாசலில் வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்து, உள்ளே சோறு வடிக்காத வீடு மாதிரி.

பெட்டிக்குள் 'டக்' என்றது. மோட்டார் நின்றுவிட்டது என்று அர்த்தம். பத்து நொடியில் நல்ல பதில் வந்ததும் மறுபடி 'டக்', ஓடியது. அடுத்த மன்னிக்கவும், 'டக்'. டக், டக், டக். பாவாத்தாள் சொன்ன அதே கிறுக்கு.

ஹிபா எழுந்து கைதட்டினாள். அன்புச்செல்வி தட்டவில்லை. தன் புரோகிராமில் தப்பு எந்த வரியில் என்று அவளுக்குத் திறந்து பார்க்காமலே தெரியும். 'ஓடு' என்று பதிலில் இல்லாவிட்டால் நிறுத்து. நிறுத்துவதுதான் பத்திரம் என்று நினைத்து அவளே எழுதியது.

"அக்கா, இத மட்டும் சொல்லிராதீங்க," ஹிபா குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கடுதாசி டிராயர்லயே இருக்குது. அவங்க சர்வர் கோளாறை மட்டும் காட்டுவோம். உங்க வரிய இன்னிக்கே திருத்திப்போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"பாவாத்தாக்கா மோட்டாருக்குத் தெரியுமே. என்னுத நான் சொல்லுவேன் ஹிபா. ஆனா என்னுத மட்டுந்தான் என்னுதும்பேன். அவங்களதையும் சேத்து நான் ஏன் சொமக்கோணும்?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சர்வர் கம்பெனியின் யஷ்வந்த் வந்துவிட்டான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் சர்வர் சொன்ன பதில்களை அச்சடித்த லாக். மேசையில் அந்தக் கடிதமும் பேனாவும் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தன.

"பாருங்க சார், அத்தனை பதிலும் 'சரி'. ஒரு எரர்கூட இல்ல. எங்க சர்வர் விழவே விழாது," என்றான்.

அன்புச்செல்வி பெட்டியையும் லேப்டாப்பையும் மேசைமேல் வைத்துச் சம்பந்தியை ஓடவிட்டாள். டக், டக் என்று பெட்டி ஆடியதும் சென்னகிருஷ்ணன் முகம் மாறியது. முதலில் தன் வரியைத்தான் காட்டினாள். "இது என்ற தப்புங்க சார். புரியாத பதில் வந்தா இருக்கறபடியே இருன்னு எழுதியிருக்கோணும். நான் நிறுத்துன்னு எழுதிப்போட்டனுங்க. ஆனா அந்தப் புரியாத பதில அனுப்பறது அவங்க சர்வருங்க. கரண்ட் வந்து நானூறு பேரும் ஒண்ணாத் தட்டறப்ப, வெளிய சரீங்குது, உள்ள மன்னிக்கோணுங்குது."

யஷ்வந்த் சிரித்தான். "மேடம், உங்க லேப்டாப்ல நீங்களே ஒரு போலி சர்வர் வெப்பீங்க. நீங்களே அத தப்பா பேச வெப்பீங்க. அப்புறம் எங்க சர்வர் இப்படித்தான்னு சொல்வீங்க. இதெல்லாம் ஒரு ப்ரூஃபா?"

"இல்லீங்க சார்," என்றாள் அவள். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நெசமுங்க. என்ற புரோகிராம் எங்க ஒடையுமுன்னுதானுங்க இது காட்டும். உங்களது எப்படீன்னு உங்க சர்வர்லதானுங்க பாக்கோணும்."

அவள் இன்னொரு திரையைத் திறந்தாள். நானூறு பெட்டி ஒரே நொடியில் கேட்பதுபோலக் கேட்கிற ஒரு சின்னப் புரோகிராம். அதன் முதல் வரியில் லேப்டாப்பின் முகவரியை அழித்துவிட்டு, யஷ்வந்த் கம்பெனியின் முகவரியை எழுத்தெழுத்தாக டைப் செய்தாள்.

"உங்க சர்வர் விழாதுங்கறீங்களே. சரீங்க. ஒரு எண்டர்தானுங்க. அமுத்தட்டுங்களா?"

"ஏய், வேணாம்!" யஷ்வந்த் நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டான். "அதுல நாலு ஸ்டேட் கஸ்டமர் இருக்காங்க! எல்லாம் நின்னுடும்!"

சென்னகிருஷ்ணன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏந் தம்பி, இப்பத்தான விழவே விழாதுன்னீங்க?"

யஷ்வந்த் வெளியே போய் முக்கால் மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தான். அவர்களிடம் சோதனைக்கென்றே தனியாக ஒரு சர்வர் இருக்கிறதாம், அதில் தட்டிப் பார்க்கலாமாம்.

"ரொம்ப சந்தோசமுங்க," என்ற அன்புச்செல்வி, லேப்டாப்பின் ஓரத்தில் அணைந்திருந்த வைஃபையைப் போட்டாள்.

யஷ்வந்த் அதைப் பார்த்துவிட்டான். "அப்போ... இவ்ளோ நேரம் நெட்டே இல்லையா?"

"இல்லீங்க சார். சம்பந்திக்கு நெட் எதுக்குங்க? அடுத்தவங்க ஊட்டுக் கதவக் கேக்காமத் தட்டுவனுங்களா நான்?"

நானூறு தட்டலில் அறுபத்தொரு பதில், வாசலில் சரி, உள்ளே மன்னிக்கவும். திரையில் வரிசையாக இறங்கியதை மூன்று பேரும் பார்த்தார்கள். அன்புச்செல்வி அந்த ஆங்கிலக் கடிதத்தைத் திருப்பிப்போட்டு, வெள்ளைப் பக்கத்தில் தமிழில் எழுதினாள். 'என் புரோகிராமில் ஒரு வரி தவறு. திருத்திவிட்டேன். சர்வர் நிறைந்துபோனால் சரி என்று பொய் சொல்கிறது. அவர்கள் திருத்த வேண்டும். பாவாத்தாள் அவர்களின் மோட்டாரை இரண்டு கம்பெனியும் சேர்ந்து மாற்றித் தர வேண்டும்.' கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். பேனாவை யஷ்வந்த் பக்கம் நகர்த்தினாள்.

"ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்," என்றான்.

"கேளுங்க சார். உக்காந்திருக்கறனுங்க."

இன்னொரு ஒரு மணி நேரம் ஆனது. அவள் அசையவில்லை. கடைசியில் அவனும் போட்டான். சென்னகிருஷ்ணன் யாரும் கேட்காமலே மூன்றாவதாகப் போட்டுவிட்டு, ராஜினாமா இருந்த பக்கத்தைத் திருப்பி, அதன்மேல் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு இழுத்தார்.

பத்து நாள் கழித்து, ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால், வெள்ளகோவிலிலிருந்து போன் வந்தது. புது மோட்டார் இறங்கியாகிவிட்டது. பெட்டிப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகப் பாவாத்தாள் சொன்னாள். காத்திருந்த நேரத்தில் மெல்லக் கேட்டாள். "ஏனுங்க அம்மணி, தப்பு உங்களுதுன்னு நீங்களே சொன்னீங்களாமா?"

"பாதிங்கக்கா."

"பாதியோ முழுசோ, சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமல்ல. இருங்க, கரண்ட் வந்துருச்சு."

அன்புச்செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். ஹிபா கிட்டே வந்து குனிந்தாள். போனில் தோட்டத்துப் பெட்டி 'டக்' என்றது. அடுத்த 'டக்' வருமோ என்று இரண்டு பேரும் பத்து நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வரவில்லை. தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.